பத்தாவது ஆள் வரும்வரை காத்திருக்க வேண்டுமா?

விருதுநகரை ஒட்டிய சூலக்கரையில் சிட்கோ தொழிற்பேட்டை இருக்கிறது. அங்கிருந்து சாத்தூர், சிவகாசி, ராஜபாளையம் வரை பரந்து கிடக்கும் தொழில் வட்டாரத்தை நாடே அறியும். பட்டாசு, தீப்பெட்டி, காலண்டர், பருப்பு, நல்லெண்ணெய், ஆஸ்பத்திரிகளுக்குப் போகும் பேண்டேஜ் துணி என்று இங்கிருந்து லாரி ஏறும் சரக்கு ஏராளம். அந்தச் சரக்கில் பெரும்பங்கு சின்னச் சின்ன இடங்களில் உருவாகிறது. நான்கு பேர் நிற்கும் லேத் பட்டறை, ஆறு பேர் உட்கார்ந்து நோட்டு தைக்கும் பைண்டிங் கூடம், எட்டுப் பேர் மாறி மாறிப் பார்த்துக்கொள்ளும் தறிக்கூடம். இவற்றின் சம்பளப் பதிவேட்டைப் புரட்டினால் பல இடங்களில் வரிசை எண் ஒன்பதைத் தாண்டாது. சில இடங்களில் உண்மையிலேயே ஒன்பது பேர்தான். வேறு சில இடங்களில் ஆள் கூடுதலாக இருக்கும், பதிவேட்டில் இருக்காது.

ஒன்பதோடு நிற்பதற்குக் காரணம் இருக்கிறது. பத்துப் பேர் ஆகிவிட்டால் தொழிலாளர் அரசுக் காப்பீடு, ஊரார் வாயில் இ.எஸ்.ஐ., கட்டாயமாகிவிடும். ஒன்பது வரை அந்தக் கட்டாயம் இல்லை. லேத்தில் இருந்து தெறிக்கும் இரும்புச் சுருள் பத்துப் பேர் பட்டறையிலும் ஐந்து பேர் பட்டறையிலும் ஒரே மாதிரிதான் கண்ணில் பாயும். பேப்பர் வெட்டும் கட்டிங் மிஷின் ஆள் எண்ணிக்கை பார்த்து விரலை விடுவதில்லை. சட்டம் மட்டும் எண்ணிப் பார்க்கிறது.

சிறு தொழில் நடத்துகிறவர் தன் ஆட்களுக்கு மருத்துவக் காப்பீடு எடுத்துத் தர முடியுமா என்ற கேள்வி வரும்போதெல்லாம் ஒரு புதுத் திட்டம், ஒரு புதுப் பெயர், ஒரு புது அட்டை என்று பேச்சு போகிறது. தேவையான திட்டமான இ.எஸ்.ஐ. 1948-ல் சட்டமாகி, 1952-ல் கான்பூரிலும் டெல்லியிலும் தொடங்கி, 1955-ல் கோவை வழியாகத் தமிழ்நாட்டுக்குள் வந்துவிட்டது. அதன் வாசலை ஓர் ஆள் உள்ள பட்டறைக்கும் திறந்துவிட வேண்டும். உள்ளே வரும் சிறு முதலாளியின் பங்கை முதல் சில ஆண்டுகளுக்கு அரசு ஏற்க வேண்டும். கேட்கவேண்டியது இவ்வளவுதான்.

முதலில் கணக்கைப் பார்க்கலாம். 2019 ஜூலை 1 முதல் இ.எஸ்.ஐ.க்கான மொத்தச் சந்தா சம்பளத்தில் 4 விழுக்காடு. அதற்கு முன் 6.5 ஆக இருந்தது. இப்போது முதலாளி 3.25, தொழிலாளி 0.75. மாதம் 12,000 ரூபாய் வாங்கும் ஒருவருக்கு முதலாளி கட்டவேண்டியது ரூ.390, தொழிலாளியிடம் பிடிப்பது ரூ.90. எட்டுப் பேர் உள்ள பட்டறை என்றால் முதலாளிக்கு மாதம் ரூ.3,120. தினக்கூலி சராசரி 176 ரூபாய்க்கு மேல் போகாதவரிடம் ஒன்றும் பிடிக்கக் கூடாது. முதலாளி பங்கு மட்டும் போதும். சம்பள உச்சவரம்பு 2017 ஜனவரி முதல் மாதம் 21,000 ரூபாய். ஒன்பது ஆண்டுகளாக அந்த வரம்பு உயரவே இல்லை என்பது தனியாகப் பேசவேண்டிய குறை.

இந்தத் தொகைக்குக் கிடைப்பது என்ன? தொழிலாளிக்கும் மனைவி, பிள்ளைகள், சார்ந்திருக்கும் பெற்றோர் ஆகியோருக்கும் மருத்துவம். வயது அதிகம், சர்க்கரை இருக்கிறது, ஏற்கெனவே ஆபரேஷன் ஆகியிருக்கிறது என்றெல்லாம் சொல்லித் தனியார் காப்பீட்டில் சந்தாவைக் கூட்டுவார்கள், காத்திருப்புக் காலம் வைப்பார்கள். இங்கே அந்தப் பேச்சு இல்லை. நோயில் படுத்தால் ஆண்டுக்கு 91 நாள் வரை சம்பளத்தில் 70 விழுக்காடு. காசநோய், புற்றுநோய் போன்ற நீண்டநாள் நோய் என்றால் 80 விழுக்காடு, இரண்டு ஆண்டு வரை. பிரசவத்துக்கு 26 வாரம் முழுச் சம்பளம். வேலையில் காயம்பட்டால் குணமாகும்வரை 90 விழுக்காடு. வேலையிலேயே உயிர் போனால் குடும்பத்துக்கு மாதாமாதம் உதவித்தொகை: அந்த 90 விழுக்காட்டில் மனைவிக்கு ஐந்தில் மூன்று பங்கு, ஒவ்வொரு பிள்ளைக்கும் ஐந்தில் இரண்டு பங்கு என்று, மொத்தத்துக்கு உட்பட்டுப் பிரித்துத் தரப்படும். இ.எஸ்.ஐ. நடத்தும் மருத்துவக் கல்லூரிகளில் காப்பீடு பெற்ற தொழிலாளர் பிள்ளைகளுக்குத் தனி இடஒதுக்கீடும் உண்டு. இத்தனையையும் சேர்த்துத் தரும் தனியார் பாலிசி சந்தையில் கிடையாது.

'அதுதான் கலைஞர் காப்பீட்டு அட்டை இருக்கிறதே' என்று கேட்பவர்கள் உண்டு. 2009-ல் தொடங்கி, 2012-ல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக மறுவடிவம் பெற்று, 2018-ல் ஆயுஷ்மான் பாரத்தோடு இணைந்து, இன்று குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை தரும் அந்தத் திட்டம் தமிழ்நாட்டில் எத்தனையோ உயிர்களைக் காப்பாற்றியிருக்கிறது. அதைக் குறைத்துச் சொல்ல யாருக்கும் மனம் வராது. ஆனால் அதன் வருமான வரம்பு ஆண்டுக்கு ரூ.1,20,000. கணவன் அச்சகத்தில் மாதம் 12,000 வாங்கினாலே வரம்பு தாண்டிவிடுகிறது. மனைவி தீப்பெட்டி ஆபீசுக்குப் போய்க் கட்டை அடுக்கினால் சொல்லவே வேண்டாம். ஏழை என்ற பட்டியலுக்கும் ஆகாமல், தனியார் பாலிசி எடுக்கவும் முடியாமல் நடுவில் நிற்கும் இந்தக் கூட்டத்தைப் பற்றி நிதி ஆயோக் 2021 அக்டோபரில் ஓர் அறிக்கையே வெளியிட்டது. நாட்டின் மக்கள்தொகையில் குறைந்தது 30 விழுக்காடு, அதாவது 40 கோடிப் பேர், எந்தக் காப்பீடும் இல்லாதவர்கள் என்றது அந்த அறிக்கை. சூலக்கரைப் பேட்டைக்குக் காலையில் சைக்கிளிலும் டூவீலரிலும் வந்து இறங்குகிறவர்கள் பலர் அந்தக் கணக்குக்குள் இருப்பவர்கள்தான்.

வருமான வரம்பைவிடப் பெரிய வேறுபாடு ஒன்று உண்டு. அது தீக்காயத்தில் தெரியும்.

பட்டாசு ஆலையில் மருந்து உராய்ந்து பற்றிக்கொண்டு, உடம்பில் பாதி வெந்த ஒரு பெண்ணை நினைத்துப் பாருங்கள். 108 வண்டி சிவகாசி அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோகும். காயம் கடுமை என்றால் அங்கிருந்து விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரிக்கோ மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனைக்கோ. முதல் வாரம் உயிர்ப் போராட்டம். அதற்குப் பிறகு வாரக்கணக்கில் டிரெஸிங். தொடையில் இருந்து தோலை உரித்து எடுத்து வெந்த இடத்தில் ஒட்டுவார்கள். கூட இருந்து பார்க்க வீட்டில் ஒருவர் வேலையை விட்டுவிட்டு வரவேண்டும். டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்கு வந்த பிறகுதான் மெதுவான கொடுமை தொடங்கும். தழும்பு இறுகும். கழுத்து நிமிராது, முழங்கை நீளாது, விரல்கள் உள்ளங்கையை நோக்கி மடங்கிக்கொள்ளும். மடங்காமல் இருக்க இறுக்கமான உறையை மாதக்கணக்கில் போட்டிருக்க வேண்டும், தினமும் பயிற்சி வேண்டும், வியர்வைச் சுரப்பி போன தோலுக்குச் சித்திரை வெயில் தாங்காது. ஒட்டிய விரலைப் பிரிக்க மறுபடியும் ஓர் ஆபரேஷன். திரி கோத்த கை திரும்ப வேலைக்கு வர ஓர் ஆண்டு ஆகலாம். வராமலும் போகலாம்.

இதில் அரசுக் காப்பீட்டு அட்டை ஆஸ்பத்திரிச் செலவை ஏற்கும். அந்த ஓர் ஆண்டு வீட்டில் அடுப்பெரிய அது ஒன்றும் தராது. இ.எஸ்.ஐ. தரும்: 12,000 ரூபாய் சம்பளக்காரருக்கு மாதம் ஏறத்தாழ 10,800 ரூபாய். தொழிலாளிக்கு மருத்துவக் காப்பீடு என்றால் மருந்துச் செலவும் சம்பள இழப்பும் சேர்ந்ததுதான். சம்பளம் நின்றால் குழுக் கடன், அது போதாமல் கந்துவட்டி, அதுவும் போதாமல் ஆலை ஏஜெண்டிடம் முன்பணம். முன்பணம் வாங்கியவர் அதைத் தீர்க்கும்வரை அந்த ஆலையை விட்டுப் போக முடியாது. பாதுகாப்பு இல்லாத அறை என்று தெரிந்தாலும் மறுநாள் காலை வேன் ஏறித்தான் ஆகவேண்டும். ஒரு நோய், ஒரு விபத்து, ஒரு பிரசவம் இப்படித்தான் ஒரு குடும்பத்தை அடுத்த விபத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய் உட்கார வைக்கிறது.

இந்த மாவட்டத்துக்கு அடுத்த விபத்து என்பது வெறும் பேச்சில்லை. 2012 செப்டம்பர் 5 முதலிப்பட்டி. 2021 பிப்ரவரி 12 அச்சன்குளம். 2023 அக்டோபர் 17 ரெங்கபாளையம். 2024 மே 9 செங்கமலப்பட்டி. 2025 ஜூலை 1 சின்னக்காமன்பட்டி. இவை பெரிய செய்தியான பட்டாசு ஆலை வெடிவிபத்துகள் மட்டும். ஒருவர், இருவர் இறந்து உள்ளூர்ப் பக்கத்தில் நான்கு வரியாக வந்தவை எத்தனையோ. ஒவ்வொரு முறையும் முதலமைச்சர் நிவாரணம், பிரதமர் நிவாரணம் என்று அறிவிப்பு வரும். அச்சன்குளம் வெடிவிபத்தைத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே முன்வந்து விசாரித்து இழப்பீட்டுக்கு உத்தரவிட்டது. நிவாரணம் ஒருமுறை வரும் பணம். மாதாமாதம் வீட்டுக்கு வரும் உதவித்தொகை வேறு. அந்த இரண்டாவது வகைப் பணம் வர, செத்தவர் பெயர் பதிவேட்டில் இருந்திருக்க வேண்டும்.

பெயர் எங்கே இல்லாமல் போகிறது? பட்டாசில் மூன்று வகை உரிமம் என்று ஊரில் சொல்வார்கள்: நாக்பூர் லைசென்ஸ், சென்னை லைசென்ஸ், டி.ஆர்.ஓ. லைசென்ஸ். முதல் இரண்டும் மத்திய அரசின் வெடிபொருள் துறை தருவது, மூன்றாவது மாவட்ட அளவில் சிறு ஆலைகளுக்குத் தருவது. பெரிய ஆலைகள் பல முறையாக இ.எஸ்.ஐ., பி.எஃப். கட்டிவருகின்றன. சிக்கல் உள்குத்தகையில் இருக்கிறது. உரிமம் ஒருவர் பெயரில் இருக்கும்; அறைகளைத் தனித்தனியாக வேறு சிலருக்கு விட்டிருப்பார். சட்டம் அனுமதிக்காத ஏற்பாடு. ஒவ்வொரு குத்தகைக்காரரும் ஏழெட்டுப் பேரை வைத்து ஃபேன்சி ரகம் செய்வார். எந்தப் பெயரும் எந்தப் பதிவேட்டிலும் ஏறாது. வெடித்த பிறகு யாருடைய ஆள் என்ற தகராறு வரும். அதற்கும் கீழே வீடுகளில் கருந்திரி சுற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றிப் பதிவேடு என்ற பேச்சே இல்லை.

இப்போது சட்டத்தில் ஒரு கதவு திறந்திருக்கிறது. 2020-ல் நாடாளுமன்றத்தில் நிறைவேறி, 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்ததாக அறிவிக்கப்பட்ட சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் இ.எஸ்.ஐ. பற்றி இரண்டு புதிய விஷயங்களைச் சொல்கிறது. ஒன்று, பத்துப் பேருக்குக் குறைவான நிறுவனமும், முதலாளியும் பெரும்பான்மைத் தொழிலாளர்களும் சம்மதித்தால் தாமாக உள்ளே வரலாம். இரண்டு, உயிருக்கு ஆபத்தான தொழில் என்று மத்திய அரசு அறிவிக்கை செய்யும் இடங்களில் ஒரே ஒருவர் வேலை பார்த்தாலும் இ.எஸ்.ஐ. கட்டாயம். இதையும் சேர்த்து நடைமுறைக்கு வந்த நான்கு தொழிலாளர் தொகுப்புச் சட்டங்கள்மீது தொழிற்சங்கங்களுக்குக் கடுமையான எதிர்ப்பு இருக்கிறது. வேலை நேரம், ஆட்குறைப்பு, சங்க உரிமை பற்றிய அவர்கள் கவலைகள் நியாயமானவை. ஆனால் 'ஒருவர் இருந்தாலும்' என்ற அந்த வரி விருதுநகர் மாவட்டத்துக்காகவே எழுதியதுபோல் இருக்கிறது. ஆபத்தான தொழில்களின் பட்டியலில் பட்டாசும் தீப்பெட்டியும் முதலில் இடம்பெற வேண்டும். அதைக் கேட்டு வாங்க வேண்டியது இந்தத் தொகுதிகளின் நாடாளுமன்ற உறுப்பினர்களுடைய வேலை, தமிழ்நாடு அரசின் வேலை.

கட்டாயம் என்று ஓர் அறிவிக்கை போட்டுவிட்டால் போதுமா? போதாது. சிறு முதலாளியின் பக்கத்தையும் நேர்மையாகப் பார்க்க வேண்டும். அவரும் பெரும்பாலும் நேற்றுவரை ஃபோர்மேனாகவோ மிஷின்மேனாகவோ இருந்து, நகையை வைத்துக் கடன் வாங்கித் தொழில் தொடங்கியவர்தான். சரக்கு ஏற்றி அனுப்பிவிட்டு வடநாட்டு வியாபாரி பணம் அனுப்பும்வரை மாதக்கணக்கில் காத்திருப்பார். மழை வந்தால் வேலை நிற்கும், மின்னல் அடித்தால் மருந்து அறையை மூடவேண்டும். 2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் பேரியம் கலந்த பட்டாசுக்குத் தடை விதித்த பிறகு சிவகாசி ஆலைகள் மாதக்கணக்கில் பூட்டிக்கிடந்தன. அப்படி ஒரு பருவம் போனால் பெரிய ஆலை தாங்கும்; சின்னவர் கடையைக் கட்டிவிடுவார்.

பணத்தைவிடப் பயம் பெரிது என்பதும் உண்மை. "அண்ணாச்சி, ஒரு நம்பர் வாங்குனா போதும், நாளைக்கே ஒவ்வொரு ஆபீசரா வந்து நிப்பாக" என்று ஒரு பட்டறைக்காரர் இன்னொருவரை எச்சரிப்பது இந்தப் பக்கத்தில் சகஜம். இ.எஸ்.ஐ. நம்பர் வாங்கினால் பழைய ஆண்டுகளின் பாக்கியையும் வட்டியையும் தண்டத்தையும் கேட்பார்களோ என்ற அச்சம். அதைப் போக்கத்தான் இ.எஸ்.ஐ. கழகம் 2025 ஜூலை 1 முதல் டிசம்பர் 31 வரை 'ஸ்ப்ரீ' என்ற திட்டத்தைக் கொண்டுவந்தது: இப்போது பதிவு செய்தால் பழைய காலத்துப் பதிவேட்டைக் கேட்க மாட்டோம், ஆய்வுக்கு வர மாட்டோம் என்ற உறுதிமொழி. நல்ல யோசனை. ஆனால் ஆறு மாதச் சலுகை அலுவலக அறிவிப்புப் பலகைகளைத் தாண்டி ஏழாயிரம்பண்ணைக்கும் தாயில்பட்டிக்கும் போய்ச்சேரவே ஆறு மாதம் ஆகும். பத்துப் பேருக்குக் குறைவான இடங்களுக்கு இந்த உறுதிமொழி நிரந்தரமாக இருக்க வேண்டும்.

சரி, தனியார் குழுக் காப்பீட்டை வாங்கித் தரலாமே என்று நினைக்கும் நல்ல முதலாளிகளும் இருக்கிறார்கள். அவர்களுக்கு நேர்வது விந்தையானது. ஐந்நூறு பேர் கம்பெனிக்கு ஆபத்து பரவலாகிவிடும். தலைக்குச் சந்தா குறையும். எட்டுப் பேர் பட்டறையில் ஒருவருக்கு இதய ஆபரேஷன் நடந்தால் அந்த ஆண்டுச் சந்தா மொத்தமும் போய்விடும், அடுத்த ஆண்டு புதுப்பிக்கும்போது தொகை தாவி ஏறும். வரியும் இடிக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு ஜிஎஸ்டி கிடையாது, அனைவரும் வரவேற்றார்கள். அதே நாளில் குழுக் காப்பீட்டின் 18 விழுக்காடு வரி அப்படியே தொடர்ந்தது. சட்டம் கட்டாயப்படுத்தாத காப்பீடு என்றால், கட்டிய வரியை உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்ளவும் முடியாது. தனக்கு வாங்கினால் வரி இல்லை, தன் தொழிலாளிக்கு வாங்கினால் வரி உண்டு. ஜிஎஸ்டி கவுன்சில் அடுத்த கூட்டத்திலேயே சரிசெய்யக்கூடிய பிழை இது. இருபது பேருக்குக் கீழுள்ள குழுக்களுக்காவது அந்த 18 விழுக்காடு போகவேண்டும்.

இனி முதலாளி பங்கை யார் தருவது என்ற கேள்வி. ஒரு பட்டாசுப் பெட்டியின் அடக்கத்தில் நூற்றுக்கு முப்பது ரூபாய் கூலி என்று தாராளமாகவே வைத்துக்கொண்டாலும், அதில் 3.25 விழுக்காடு ஒரு ரூபாய்க்கும் கீழே. அதே பட்டாசின் விலைமீது அரசு வாங்கும் ஜிஎஸ்டி 18 விழுக்காடு. பதினெட்டு ரூபாயில் ஒரு ரூபாயைத் திருப்பி, அதைச் செய்த கையின் காப்பீட்டுக்குத் தந்தால் கஜானா காலியாகிவிடாது. ஒரு சரக்கைச் செய்வதில் உள்ள ஆபத்தை அதைச் செய்யும் ஏழெட்டுப் பேரும் அவர்கள் முதலாளியும் மட்டும் சுமப்பதில் நியாயம் இல்லை. டெல்லியிலும் பாட்னாவிலும் வாங்கி வெடிக்கிறவர் கொடுக்கும் வரியிலும் அதற்கு ஒரு பங்கு இருக்கவேண்டும்.

இது புதிய சிந்தனையும் இல்லை. திருநெல்வேலி மாவட்டத்தில் முக்கூடலுக்குப் போனால் பீடித் தொழிலாளர்களுக்கான மத்திய மருத்துவமனை நிற்கிறது. 1976-ல் பீடித் தொழிலாளர் நல நிதிச் சட்டமும் அதற்கான தீர்வைச் சட்டமும் வந்தன. பீடிக்கட்டின்மேல் சிறு தீர்வை. அந்தப் பணத்தில் மருந்தகம், மருத்துவமனை, பிள்ளைகளுக்குப் படிப்பு உதவி. வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து இலை வெட்டிச் சுருட்டும் பெண்ணுக்கு முதலாளி யார், அவரிடம் எத்தனை பேர் என்று அந்தச் சட்டம் கேட்கவில்லை. பீடி சுற்றுகிறவரா என்று மட்டும் கேட்டது. ஜிஎஸ்டி வந்த 2017-ல் அந்தத் தீர்வை ஒழிக்கப்பட்டு, நிதி பட்ஜெட்டின் தயவுக்குப் போனது. கட்டடத் தொழிலாளருக்கு 1996 முதல் கட்டுமானச் செலவில் ஒரு விழுக்காடு தீர்வை இன்றும் இருக்கிறது. பட்டாசு, தீப்பெட்டித் தொழிலாளர்களுக்கென்று தமிழ்நாட்டில் தனி நல வாரியம் உண்டு. தீர்வையைப் போன்ற நிலையான வரவு அதற்கும் வேண்டும்.

முதலாளி பங்கை அரசே கட்டிய முன்மாதிரியும் இருக்கிறது. 2016-ல் தொடங்கிய பிரதமரின் ரோஜ்கார் புரோத்சாகன் திட்டத்தில் புதிதாகச் சேர்த்த தொழிலாளருக்கான ஓய்வூதியப் பங்கை மூன்று ஆண்டுகளுக்கு மத்திய அரசு ஏற்றது. 2018 ஏப்ரலில் இருந்து முதலாளியின் பி.எஃப். பங்கு 12 விழுக்காடும் அதில் அடங்கியது. 2025 ஆகஸ்ட் 1 முதல் நடக்கும் விக்சித் பாரத் ரோஜ்கார் திட்டத்தில், புதிய ஆள் ஒருவருக்கு மாதம் 3,000 ரூபாய் வரை முதலாளிக்கு ஊக்கத்தொகை. மூவாயிரம் தர முடிந்த அரசுக்கு, ஏற்கெனவே வேலையில் இருப்பவரின் காப்பீட்டுக்கு முந்நூற்றுத் தொண்ணூறு தருவது சிரமமாக இருக்க முடியாது.

செய்யும்போது எளிமையாகச் செய்ய வேண்டும். அமெரிக்காவில் 2010-ல் வந்த சுகாதாரச் சட்டம், 25 பேருக்குக் குறைந்த நிறுவனங்கள் தொழிலாளர்களுக்குக் காப்பீடு வாங்கினால் சந்தாவில் பாதிவரை வரிச்சலுகை தந்தது. எதிர்பார்த்ததில் சிறு பகுதி நிறுவனங்களே கேட்டு வாங்கின. கணக்குப் போடும் முறை சிக்கல், சலுகை இரண்டே ஆண்டு, சின்னக் கடைக்காரருக்கு ஆடிட்டர் கூலிக்கே காணாது. இதற்கு நேர்மாறாகக் கர்நாடகத்தில் 2003-ல் டாக்டர் தேவி ஷெட்டியின் முயற்சியில் தொடங்கிய யஷஸ்வினி, விவசாயி ஏற்கெனவே உறுப்பினராக இருந்த கூட்டுறவுச் சங்கத்தின் வழியாகவே சந்தா வாங்கியது. தொடக்கத்தில் மாதம் ஐந்து ரூபாய். மாநில அரசும் பங்கு போட்டது. லட்சக்கணக்கானோர் சேர்ந்தார்கள். காரணம், புதிதாக எந்த அலுவலகத்துக்கும் அலைய வேண்டியிருக்கவில்லை.

விருதுநகர் மாவட்டத்தில் சங்கங்களுக்குப் பஞ்சமில்லை. பட்டாசு உற்பத்தியாளர்களின் டான்ஃபாமா, அச்சக உரிமையாளர் சங்கம், தீப்பெட்டிச் சங்கங்கள், வியாபாரத் தொழில் சங்கம் எல்லாம் பல்லாண்டு பழமையானவை. ஐம்பது சின்னப் பட்டறைகளின் மாதச் சந்தாவைக் கணக்கிட்டு, ஆன்லைனில் கட்டி, ரசீதை ஒப்படைக்க ஒரு சங்க அலுவலகமும் ஒரு கணக்கரும் போதும். அந்தக் கணக்கரின் சம்பளத்தை மாவட்டத் தொழில் மையம் ஏற்கலாம். தனித்தனியாக அலையும்போது மலையாகத் தெரியும் காகித வேலை, ஒரே மேசையில் முடியும்.

இ.எஸ்.ஐ.யின் குறைகளை மூடிவைத்துவிட்டு இதைக் கேட்க முடியாது. தொழிலாளர்களே முகம் சுளிக்கிறார்கள். "தொண்ணூறு ரூவா புடிக்கிறீக, போனா டாக்டர் இல்ல, மாத்திரை வெளிய வாங்கச் சொல்றாக" என்பது பழகிப்போன புலம்பல். சிவகாசியில் இ.எஸ்.ஐ. மருத்துவமனை இருக்கிறது. ஆனால் வெம்பக்கோட்டைப் பக்கத்துக் கிராமத்தில் இருந்து அங்கே வந்து போக ஒரு நாள் கூலி போய்விடும். மருந்தகங்களில் மருத்துவர் இடங்கள் காலியாகக் கிடப்பதும், வெளி மருத்துவமனைக்கு அனுப்பக் கடிதம் வாங்க அலைவதும் ஊரறிந்தது. இ.எஸ்.ஐ. கழகத்தில் பணம் இல்லாமல் இந்த நிலை இல்லை. ஆண்டுதோறும் வசூலில் ஒரு பகுதி செலவாகாமல் நிதியில் சேர்ந்துகொண்டுதான் இருக்கிறது. அது தொழிலாளியின் சம்பளத்தில் இருந்து வந்த பணம். வெடிவிபத்து நடக்கும் மாவட்டத்தில் முழு வசதியுள்ள தீக்காயச் சிகிச்சைப் பிரிவையும், ஒட்டுத்தோல் ஆபரேஷனுக்கான மருத்துவர்களையும், விரல் நிமிர்த்தப் பயிற்சி தரும் பிசியோதெரபி கூடத்தையும் அந்தப் பணத்தில் சிவகாசி இ.எஸ்.ஐ. மருத்துவமனையில் அமைப்பதைவிட முக்கியமான செலவு வேறு என்ன இருக்கிறது? வேன்கள் ஆள் ஏற்றும் ஊர்களுக்கு மாலை நேரத்தில் நடமாடும் மருந்தகம் போனால் தொண்ணூறு ரூபாயைப் பற்றிய புலம்பல் பாதி குறையும்.

இன்னொரு திருத்தமும் வேண்டும். நோய்க்கால உதவித்தொகை பெற, ஆறு மாதச் சந்தாக் காலத்தில் 78 நாளாவது சந்தா கட்டியிருக்க வேண்டும். மழை, மின்னல், நீதிமன்றத் தடை, தீபாவளிக்குப் பிறகான மூடல் என்று தொழிலாளியின் கையில் இல்லாத காரணங்களால் பட்டாசில் வேலைநாள் குறைகிறது. அரசோ நீதிமன்றமோ ஆலையை மூடச் சொன்ன நாட்களை வேலைநாளாகவே கணக்கில் எடுக்க வேண்டும். வேலை இல்லாத பருவத்தில்தான் கையில் காசும் இல்லாமல் இருக்கும். அப்போது நோய் வந்தால் தகுதி இல்லை என்று திருப்பி அனுப்புவது எந்த வகையிலும் சரியில்லை.

ஆகவே மத்திய அரசிடம் கேட்பது: ஆபத்தான தொழில் அறிவிக்கையில் பட்டாசு, தீப்பெட்டி இரண்டையும் சேர்த்து, ஓர் ஆள் உள்ள இடம்வரை இ.எஸ்.ஐ.யைக் கொண்டுவாருங்கள், பத்துப் பேருக்குக் குறைந்த எந்தத் தொழிலாக இருந்தாலும் தாமாகச் சேர்ந்தால் முதலாளி பங்கை மூன்று ஆண்டு கட்டுங்கள், குழுக் காப்பீட்டு வரியை எடுங்கள். தமிழ்நாடு அரசிடம் கேட்பது: காலியாக உள்ள மருத்துவர் இடங்களை நிரப்புங்கள், சங்கங்களோடு உட்கார்ந்து பதிவு முகாம்களை ஊர் ஊராக நடத்துங்கள். டான்ஃபாமாவிடமும் அச்சகச் சங்கத்திடமும் கேட்பது: உங்கள் உறுப்பினர்களில் சின்னவர்கள் யார் என்று உங்களுக்குத் தெரியும், அவர்களை நீங்களே கைபிடித்து அழைத்து வாருங்கள். சூலக்கரையிலும் சுற்றுப்பட்டிலும் பட்டறை நடத்துகிறவர்களிடம் கேட்பது: உங்கள் பதிவேட்டில் பெயர் ஏறாமல் இருக்கும் அந்த ஆளின் பெயரை இந்த மாதமே எழுதுங்கள்.